உடலில் எழும் அனல்

பெண் பூப்படைந்தால் வீட்டில் விழா உண்டு. பிள்ளை பெற்றால் சீர் உண்டு. மாதவிடாய் நிற்கும் பருவத்தை மட்டும் யாரும் வாய்விட்டுப் பேசுவதில்லை. நம் நாட்டுப் பெண்கள் பலருக்கு 46, 47 வயதையொட்டி வரும் அப்பருவம், ஓசையின்றி வந்து ஓசையின்றிப் போக வேண்டும் என்பதே எழுதாச் சட்டம். சட்டம் அப்படியிருந்தாலும் உடல் அதற்குக் கீழ்ப்படிவதில்லை.

மார்பகப் புற்றுநோய்க்குச் சிகிச்சை பெற்ற எனக்கு 48ஆம் வயதில் இத்துன்பம் தொடங்கிற்று. மார்பிலிருந்து கழுத்துக்கும் முகத்துக்கும் திடீரெனச் சூடு ஏறும், நெஞ்சு படபடக்கும், ரவிக்கை நனைந்துவிடும், சில நிமிடங்களில் உடல் குளிர்ந்து நடுங்கும். இரவில் மூன்று நான்கு முறை விழிப்பு. வகுப்பில் கரும்பலகையின் முன் வியர்த்து நிற்கையில், பிள்ளைகள் என்ன நினைப்பார்களோ என்னும் கூச்சம் வேறு. ஆசிரியப் பணியையே விட்டுவிடலாமா என்ற எண்ணம் தலைதூக்கியது. ஈஸ்ட்ரோஜன் மருந்து இவ்வனலை நன்கு தணிக்கும். ஆனால் என் நோயை முன்னிட்டு அது எனக்கு ஆகாது என்றார் மருத்துவர்.

அவரே காரணத்தையும் விளக்கினார். நம் மூளையிலுள்ள ஹைப்போதலாமஸ் என்னும் பகுதி உடல் வெப்பத்தை ஆள்கிறது. சிறு ஏற்ற இறக்கங்களை அது வழக்கமாகப் பொருட்படுத்துவதில்லை. ஈஸ்ட்ரோஜன் குறையும்போது அந்தப் பொறுமையின் எல்லை சுருங்கிவிடுகிறது. வெப்பம் இம்மியளவு கூடினாலும் உடல் கொதிப்பதாக எண்ணி, தோலின் இரத்தக் குழாய்களை விரித்து வியர்வையைக் கொட்டுகிறது. ஆகவே இது மனப்பிரமையும் அன்று. மங்கையரின் நடிப்பும் அன்று.

அப்படியாயின் மருந்தின்றித் தணிக்க வழியுண்டா? 2023இல் வட அமெரிக்க மெனோபாஸ் சங்கம் ஆய்வுகளை அலசி அறிக்கையொன்று வெளியிட்டது. மருந்தில்லா வழிகளுள் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சை, மருத்துவ அறிதுயில், மிகுந்த எடையைக் குறைத்தல் ஆகியவற்றை அது பரிந்துரைத்தது. யோகம், உடற்பயிற்சி, சோயா உணவு, குளிர்ச்சி தரும் முறைகள் ஆகியன அனலைக் குறைக்கும் என்பதற்குப் போதிய சான்று இல்லை என்றது. பயிற்சியால் எலும்புக்கும் இதயத்துக்கும் நன்மை உண்டு. பருத்தி ஆடையும் மின்விசிறியும் இதம் தரும். அவற்றை விட வேண்டியதில்லை. அவற்றிடம் அளவுக்கு மீறி எதிர்பார்க்கவும் வேண்டியதில்லை.

நான் நாடியது முதலாவது வழியை. 2012இல் இங்கிலாந்தில் வெளியான இரண்டு ஆய்வுகள், அவற்றுள் ஒன்று என்போன்று மார்பகப் புற்றுநோய் கண்ட 96 பெண்களிடம் நடந்தது, ஓர் உண்மையைக் காட்டின: அனல் வரும் எண்ணிக்கை பெரிதும் குறையாவிடினும், அது தரும் தொல்லை குறைகிறது. வாரம் ஒருமுறை ஆலோசகர் ஒருவரிடம் சென்றேன். "எல்லாரும் என்னையே பார்க்கிறார்கள்" என்று மனம் பதறும்போது, "இது சில நிமிடம், கடந்துவிடும்" என்று எனக்கே சொல்லி, வயிறு அசைய மெல்ல மூச்சு விடக் கற்றேன். தூக்கம் கலைந்தால் கடிகாரத்தைப் பார்க்காமலிருக்கப் பழகினேன். அனல் இன்றும் வருகிறது. ஆனால் பணியை விடவில்லை. கரும்பலகையின் முன் நின்று பாடத்தை முடிக்கிறேன்.

இதற்கெல்லாம் மேலாக உதவியது, என் கணவர் இதனை அறிந்துகொண்டதே. நள்ளிரவில் நான் போர்வையை உதறி எழுவதும், தாழ்வாரத்தில் போய்ப் படுப்பதும் தம்மீதுள்ள வெறுப்பு என்று அவர் உள்ளுக்குள் வருந்தியிருந்தார். விளக்கிச் சொன்ன அன்று, "இவ்வளவுதானாம்மா?" என்றார். மறுநாள் மின்விசிறி என் பக்கம் திரும்பியிருந்தது.

ஒரு சொல் எச்சரிக்கையாக. மாதவிடாய் நின்று ஓராண்டு கழிந்தபின் இரத்தப்போக்கு கண்டாலும், இரவு வியர்வையுடன் காய்ச்சலோ எடை இழப்போ சேர்ந்தாலும், பருவத்தின் மேல் பழிபோட்டு இராமல் மருத்துவரைக் காணுங்கள்.

கணவன்மாரே, வளர்ந்த பிள்ளைகளே! இவ்வனல் சிலருக்கு ஏழாண்டுகளுக்கு மேலும் நீடிப்பதுண்டு. "அம்மாவுக்கு ஏன் இவ்வளவு எரிச்சல்?" என்று கேட்குமுன், "இரவு தூங்கினீர்களா அம்மா?" என்று கேளுங்கள். எந்தச் செலவும் இல்லாத சிகிச்சை அது.