நீல் தீவில் மூன்றாம் நாள்

ஆய்வு மாணவரின் நாட்காட்டியில் கோடை விடுமுறை என்று ஒன்று கிடையாது. இளநிலை ஆய்வு உதவித்தொகை பெறுவோருக்குப் பொது விடுமுறைகள் நீங்கலாக ஆண்டுக்கு 30 நாள் விடுப்பு உண்டு. கோடை, குளிர்கால விடுமுறைகளுக்கு அவர்கள் உரியவர்கள் அல்லர் என்று விதிமுறை அதே மூச்சில் சொல்லிவிடுகிறது. அந்த 30 நாளும் பெரும்பாலும் ஏட்டிலேயே தங்கிவிடுபவை. விடுப்பு விண்ணப்பத்தை எழுதுவதைக் காட்டிலும் அதை நெறியாளர் முன் நீட்டுவதற்குரிய வேளையைக் கண்டறிவதே கடினம் என்பதை இத்துறையில் இருப்போர் அறிவர்.

ஆகவே அவர்கள் இருவரும் மே மாதத்தில் இரண்டு இரவுகளை நீல் தீவில் கழிப்பதென்று முடிவு செய்தது சிறிய காரியமன்று. அவன் டெல்லியில் வரலாற்றுத் துறையில் நான்காம் ஆண்டில் இருந்தான். அவள் ஹைதராபாத்தில் நெற்பயிரின் வேர்களைப் பற்றிய ஆய்வேட்டைச் சமர்ப்பித்துவிட்டு, வாய்மொழித் தேர்வு நாளை எதிர்நோக்கியபடி அதே ஆய்வுக்கூடத்தில் வேலை பார்த்துவந்தாள். மணமாகி இரண்டு ஆண்டுகள் ஆகியிருந்தன. அவ்விரண்டு ஆண்டுகளில் ஒரே கூரையின் கீழ் இருந்த நாள்களை அவள் ஒருமுறை எண்ணிப் பார்த்தாள், நூறு தேறவில்லை. நிலுவையில் கிடந்த உதவித்தொகை ஒருசேர வந்து சேர்ந்த ஒரு மாதத்தில், செலவாகிவிடும் முன் அவன் விமானச் சீட்டுகளை எடுத்துவிட்டான். ஆய்வைப் பற்றி வாய் திறக்கக் கூடாது என்பது ஒப்பந்தம்.

ஒப்பந்தத்தை அவனே முதலில் மீறினான். 2024-இல் ஸ்ரீ விஜயபுரம் என்று பெயர் மாற்றப்பட்டும் எல்லோர் வாயிலும் போர்ட் பிளேராகவே இருக்கும் அந்நகரிலிருந்து நீலுக்கு அரசுக் கப்பலில் ஏறக்குறைய இரண்டு மணிநேரம். கப்பல் புறப்பட்டுச் சிறிது நேரத்திற்குள் அவன் கைப்பேசியில் வரைபடத்தை விரித்தான். ஹேவ்லாக், அவுட்ராம், நிக்கல்சன், ஹென்றி லாரன்ஸ், ஜான் லாரன்ஸ், நீல். 1857-க்குப் பிந்தைய அவத் பகுதியின் நிலவரி ஏற்பாடுகளைப் பற்றி ஆய்வேடு எழுதுபவனுக்கு இவை தீவுகளாகத் தெரியவில்லை. அவனுடைய இரண்டாம் இயலின் பெயரடைவாகத் தெரிந்தன. கிளர்ச்சிக் கைதிகளை ஏற்றிய முதல் கப்பல் போர்ட் பிளேர் வந்தது 1858 மார்ச்சில். அவர்களை அடைத்துவைத்த இடத்திற்கு அருகிலுள்ள தீவுக்கூட்டத்திற்கு, அவர்களை ஒடுக்கிய தளபதிகள், அதிகாரிகளின் பெயர்களையே சூட்டியிருந்தது ஆங்கில ஆட்சி.

இவர்களுள் நீல் தமிழருக்குச் சற்றே அறிமுகமானவர். மெட்ராஸ் ஃபியூசிலியர்ஸ் படைப்பிரிவுடன் வடக்கே சென்று, அலகாபாத்திலும் கான்பூரிலும் எண்ணற்றோரைத் தூக்கிலிட்டு, 1857 செப்டம்பரில் லக்னோவில் மாண்டவர். சென்னை மவுண்ட் ரோட்டில் நின்றிருந்த அவரது சிலையை அகற்றக் கோரி 1927-இல் சத்தியாகிரகம் நடந்தது. பலர் சிறை சென்றனர். 1937-இல் ராஜாஜி அமைச்சரவைக் காலத்தில் அச்சிலை அங்கிருந்து அகற்றப்பட்டது. பின்னர் எழும்பூர் அருங்காட்சியகத்திற்குப் போய்ச் சேர்ந்தது.

“சிலையைப் பெயர்த்து அருங்காட்சியகத்தில் வைத்துவிட்டார்கள். தீவை எங்கே கொண்டுபோய் வைப்பது?” என்றான் அவன்.

“உன் ஆய்வேட்டின் அடிக்குறிப்பில்” என்றாள் அவள். ஒப்பந்தம் முறிந்ததைச் சுட்டும் பதில்தான் அது. ஆயினும் அவன் மகிழ்ச்சியோடு மேலும் பேசிக்கொண்டே போனான். 2018 டிசம்பரில் ஹேவ்லாக் ஸ்வராஜ் தீவு என்றும் நீல் ஷாஹீத் தீவு என்றும் மாற்றப்பட்டதையும், கப்பலில் இருந்த ஒருவரும் அப்பெயர்களைச் சொல்லாததையும் விவரித்தான். அவள் கேட்டுக்கொண்டிருந்தாள். சொல்லவேண்டிய ஒன்று அவளிடமும் இருந்தது.

ஜெர்மனியின் ஒரு நகரிலிருந்து முனைவர் பட்டத்திற்குப் பிந்தைய ஆய்வுப் பணி, இரண்டு ஆண்டுகளுக்கு. கடிதம் வந்து எட்டு நாள்கள் ஆகியிருந்தன. ஞாயிறு நள்ளிரவுக்குள் பதில் அனுப்பவேண்டும். முதல் மாலையே சொல்லிவிடுவதென்று எண்ணித்தான் அவள் கப்பலேறியிருந்தாள்.

நீல் மிகச் சிறிய தீவு. மிதிவண்டியிலேயே ஒரு பகலில் சுற்றிவிடலாம். சுற்றுலாக் கையேடுகள் கடற்கரைகளை மட்டும் சொல்லும். உண்மையில் அது ஒரு வேளாண் தீவு. போர்ட் பிளேர் சந்தைக்குக் காய்கறி அனுப்புவதுதான் அதன் பழைய தொழில். கிழக்குப் பாகிஸ்தானிலிருந்து வந்த வங்காள அகதிக் குடும்பங்களை 1960களில் இங்கே குடியமர்த்தினார்கள். சீதாபூர், பரத்பூர், லக்ஷ்மண்பூர், ராம் நகர், நீல் கேந்திரா என்று ஐந்து ஊர்கள். தளபதியின் பெயர் கொண்ட தீவுக்குள் இராமாயணத்தின் பெயர்களை நட்டவர்கள் காடு கடந்து வந்தவர்கள் அல்லர், கடல் கடந்து வந்தவர்கள். வனவாசம் என்ற சொல்லின் பொருள் அவர்களுக்கு உரையாசிரியர் துணையின்றியே விளங்கியிருக்கும்.

அவர்கள் தங்கிய விடுதி ஒரு வீட்டின் பின்புறத்தில் எழுப்பிய நான்கு அறைகள்தான். வீட்டுக்கார அம்மையாரை அனைவரும் மாசி என்றழைத்தனர். வங்காளத்தில் அது சித்தி, பெரியம்மா முறை. அவரும் முதல் உணவுவேளையிலேயே இவளை ‘பௌமா’, அதாவது மருமகளே, என்று விளிக்கத் தொடங்கிவிட்டார். தம் தாயார் கல்கத்தாவிலிருந்து கப்பலேறி வந்ததை மாசி இந்தியில் சொன்னார். கரையில் இறங்கியபோது எதிரே காடு மட்டும் நின்றதாம்; இங்கே ஊர் எங்கே என்று தாயார் கேட்டாராம். சொல்லிவிட்டு மீன் குழம்பை இன்னொரு கரண்டி ஊற்றினார்.

மறுநாள் காலை சீதாபூர்க் கரைக்குப் போய்விட்டுத் திரும்பும் வழியில் ராம் நகருக்குப் பிரியும் சாலையின் பெயர்ப்பலகையைக் கண்டு அவள் சிரித்தாள். “இங்கேயும் சீதையும் ராமனும் வேறு வேறு ஊரில்தான் இருக்கிறார்கள்.” அவனும் சிரித்தான். சொல்வதற்கு அதைவிட ஏற்ற இடம் அமைந்திருக்காது. ஆனால் பின்னால் ஒரு மூன்று சக்கர வண்டி ஒலியெழுப்பியது, வழிவிட்டார்கள், பேச்சு வேறு திசைக்குப் போயிற்று.

லக்ஷ்மண்பூரில் கடல் அரித்துக் குடைந்த ஒரு பாறை வளைவு இருக்கிறது. குடியேறிய வங்காளிகள் அதற்கு ‘ஹௌரா பாலம்’ என்று பெயரிட்டார்கள். இழந்த ஊரின் நினைவைக் காட்டிலும் அதில் நகைச்சுவையே மிகுதி. நீர் வற்றிய வேளையில் மட்டும், வழுக்கும் இறந்த பவளப் பாறைகளின் மேல் பார்த்துப் பார்த்துக் கால்வைத்து அதை அடையலாம். பாறைக் குழிகளில் தேங்கிய நீரில் கடல் அட்டைகளும் சிறு மீன்களும் இருந்தன. ஓரிடத்தில், கணுக்கால் அளவு நீரில், வெண்மையாக ஒரு பவளம். அவன் அதை அழகு என்றான்.

அது வெளுத்துப்போனது என்று அவள் விளக்கினாள். பவளம் என்பது உயிரி. அதன் உடலுக்குள் நுண்பாசிகள் வாழ்கின்றன; அதற்கு நிறம் தருபவையும் பெரும்பகுதி உணவைத் தருபவையும் அவைதாம். கடல்நீர் வழக்கத்துக்கு மேல் சூடேறி அப்படியே நீடித்தால் பவளம் அப்பாசிகளை வெளியேற்றிவிடுகிறது. 2010 கோடையில் அந்தமான் கடல் முழுவதும் இது பேரளவில் நிகழ்ந்தது. வெளுத்தவுடன் அது செத்துவிடுவதில்லை.

“பிறகு?”

“சூடு தணிந்தால் பாசிகள் மீளும். தணியாவிட்டால் பட்டினி.”

“எத்தனை நாள் தாங்கும்?”

“சில வாரங்கள். இனத்தைப் பொறுத்தது.”

அதற்குமேல் இருவரும் பேசவில்லை. அலை ஏறத் தொடங்கியிருந்தது.

அங்கே மாலை மிக விரைவில் முடிந்துவிடுகிறது. மே மாதத்தில் ஐந்து மணிக்கு முன்பே புலர்ந்து, ஐந்தரை மணியளவில் கதிரவன் மறைந்துவிடுகிறான். இந்திய நேரத்தை நிர்ணயிக்கும் 82.5 பாகைத் தீர்க்கக்கோடு அலகாபாத்தை அடுத்து ஓடுவதால் வரும் வினை இது என்றும், நீல் இன்னும் அலகாபாத்தின் கணக்கில்தான் நடக்கிறார் என்றும் அவன் சொன்னான். வேறொரு நாளில் அவள் இதை மிகவும் ரசித்திருப்பாள்.

ஞாயிறு காலைக் கப்பல் ரத்தாயிற்று. தென்மேற்குப் பருவமழை இந்நாட்டில் முதலில் தொடுவது அந்தக் கடலைத்தான், வழக்கமாக மே மூன்றாம் வாரத்தில். இவ்வாண்டும் அது நாள் தவறவில்லை. துறைமுகத்தில் ஒட்டிய தாளில் காரணம் ஒரே வரியில் இருந்தது. பிற்பகல் விமானத்திற்கான பணம் போயிற்று. அவன் புதிய சீட்டின் விலையைப் பார்ப்பதற்காக அவளுடைய கைப்பேசியை வாங்கினான். அவனுடையதில் மின்னூட்டம் தீர்ந்திருந்தது. மின்னஞ்சல் பெட்டி திறந்தே கிடந்தது.

படித்து முடித்து, அவன் உடனே சொன்னான்: “போய்விட்டு வா.”

அவளைச் சினமூட்டியது அந்தச் சொற்களே. எப்போது, எங்கே, அங்கே என்ன செய்யப்போகிறாய் என்று ஒரு கேள்விகூடக் கேட்காமல் போகச் சொல்வது பெருந்தன்மையா, பழகிப்போன தனிமையா என்று கேட்டாள். எட்டு நாள் மறைத்தவள் அதைக் கேட்கலாமா என்று அவன் திருப்பிக் கேட்டான். மழை தகரக் கூரையில் அறைந்துகொண்டிருந்ததால் இருவரும் சற்று உரக்கவே பேசவேண்டியிருந்தது. மின்சாரம் போயிருந்தது. மாசி ஒருமுறை திண்ணைப் பக்கம் வந்து, தேநீரை வைத்துவிட்டு, ஒன்றும் கேளாதவர்போல் உள்ளே போனார்.

இத்தகைய இணையர் பல்கலைக்கழகங்களில் ஏராளம். இரண்டு உதவித்தொகைகள், இரண்டு நகரங்கள், இரண்டு நெறியாளர்கள். ஒருவரின் வளர்ச்சிக்கு மற்றவர் தடையாகிவிடக் கூடாது என்ற அச்சத்தில் இருவரும் ஒருவரிடமிருந்து ஒருவர் எதையும் கோருவதே இல்லை. வெளியிலிருந்து பார்ப்போர் இதைப் புரிதல் என்று மெச்சுகிறார்கள். அன்று பிற்பகல் அவள் முதன்முறையாக ஒன்றைக் கோரினாள். அவனுக்கு ஆவணக் காப்பகப் பணி முடிந்துவிட்டது. எஞ்சியிருப்பது எழுதுவது மட்டுமே. அதை ஹைதராபாத்தில் இருந்து எழுதட்டும். அவள் அக்டோபருக்குப் பதில் ஜனவரியில் வந்து சேர்வதாகக் கேட்பாள். இடையில் ஆறேழு மாதங்கள். அதற்குப் பின் வரும் இரண்டு ஆண்டுகளைப் பற்றி இருவரிடமும் விடை இல்லை. அவனுடைய உதவித்தொகை முடியும் தேதியை மட்டும் இருவரும் அறிந்திருந்தார்கள். நெறியாளர் ஒப்புக்கொள்ளமாட்டார் என்றான் அவன். கேட்டாயா என்றாள் அவள். கேட்கவில்லை.

இரவு எட்டரைக்கு அவள் கடிதத்தை எழுதி முடித்தாள். அனுப்புவதற்கு அலைவரிசை கிடைக்கவில்லை. சென்னையிலிருந்து அந்தமானுக்கு 2020-இல் இட்ட கடலடிக் கேபிள் ஹேவ்லாக்கில் கரையேறுகிறது. அதன் தரையிறங்கும் இடங்களின் பட்டியலில் நீல் இல்லை. ஜெட்டிப் பக்கம் சிக்னல் வரும் என்று மாசியின் மகன் சொல்ல, ஒரே குடையில் நனைந்தபடி நடந்தார்கள். பதினொன்றே முக்காலுக்குக் கடிதம் போயிற்று. ஜெர்மனியில் அப்போது மாலைதான். நள்ளிரவு என்பது எந்த ஊர் நள்ளிரவு என்று இருவரும் அதுவரை யோசிக்கவே இல்லை.

திங்கள் காலைக் கப்பலில் கத்தரிக்காய், பாகற்காய் மூட்டைகள் ஏறிய பின்னரே பயணிகளை விட்டார்கள். போர்ட் பிளேர் நெருங்கியதும் கைப்பேசி ஒலித்தது. பெந்தெகொஸ்தே விடுமுறையை முன்னிட்டு அலுவலகம் மூடியிருப்பதாகவும், செவ்வாய்க்கிழமை பதில் வரும் என்றும் ஒரு தானியங்கி மடல். அவள் அதை அவனிடம் காட்டினாள். அவன் மடியில் குறிப்பேட்டை வைத்துக்கொண்டு நெறியாளருக்கு எழுதவேண்டிய விண்ணப்பத்தின் முதல் வரியை மூன்றாம் முறையாக அடித்துக்கொண்டிருந்தான்.