திதியும் தேதியும்

கீழ்வீட்டு அக்காவின் கணவர் 2021 மே 19 அன்று கொரோனாவில் போனார். பஞ்சாங்கப்படி திதி ஒவ்வொரு வருஷமும் ஒவ்வொரு தேதியில் வரும். அன்று வீடு நிறைய சொந்தக்காரர்கள் இருப்பார்கள். மே 19 அன்று யாரும் வருவதில்லை.

இந்த வருஷம் அன்று காலையில் அக்காவுக்கு மெசேஜ் டைப் செய்து நாலு முறை அழித்தேன். நாமே ஞாபகப்படுத்தி அழவைத்துவிடுவோமோ என்று பயம். (செய்திக்குத் தலைப்பு வைக்கக்கூட இவ்வளவு யோசித்ததில்லை!) கடைசியில், "அக்கா, இன்னிக்கு அண்ணன் ஞாபகமாவே இருக்கு. எனக்கு ஸ்கூட்டர்ல எட்டு போடக் கத்துக்கொடுத்தப்ப பின்னாடியே ஓடி வந்தாரே" என்று அனுப்பினேன்.

ப்ளூ டிக் விழுந்தது. பதில் இல்லை. நாள் முழுக்க ஆபீஸில் வேலையே ஓடவில்லை.

ராத்திரி அக்காவே மாடியேறி வந்தார். கண் சிவந்திருந்தது.

"பாப்பாவுக்கு அவர் முகமே சரியா ஞாபகம் இல்ல. அந்த ஸ்கூட்டர் கதையை அவகிட்ட வந்து சொல்றியா?"