பக் நாயின் ஓராண்டு: ஒரு பராமரிப்புக் குறிப்பேடு

ஜனவரி 2

பக் நாய்க்குப் பொழுது விடிந்ததும் முதல் வேலை மூக்குக்கு மேலுள்ள மடிப்பைச் சுத்தம் செய்வது. கண்ணீரும் எச்சிலும் சோற்றுப் பருக்கையும் அதற்குள் தேங்கும். காற்று படாத ஈரத்தில் மலசீசியா என்னும் ஈஸ்ட் பெருகும். புளித்த வாடை வரும். தோல் சிவந்து புண்ணாகும். வெதுவெதுப்பான நீரில் நனைத்துப் பிழிந்த பருத்தித் துணியை விரலில் சுற்றிக்கொண்டு, மடிப்பை விரித்து, இந்த ஓரத்திலிருந்து அந்த ஓரம் வரை மெல்லத் துடைக்க வேண்டும். பிறகு உலர்ந்த துணியால் ஈரம் போக ஒற்ற வேண்டும். பல வீடுகளில் விட்டுப்போவது இந்த ஒற்றுதல்தான். ஈரத்தோடு விட்டால் துடைத்ததற்கே பலனில்லை. பவுடரும் வேண்டாம், அது ஈரத்தில் கட்டியாகி உறுத்தும்.

துணி கையில் இருக்கும்போதே கண்களையும் பார்த்துவிடலாம். பக்கின் கண்குழி ஆழம் குறைந்தது. விழிகள் துருத்தி நிற்பதால் தூசியும் செடி முனையும் எளிதில் கீறிவிடும். நாய் கண்ணை இடுக்கினாலோ, விழியில் வெண்மை படர்ந்தாலோ அன்றைக்கே மருத்துவரிடம் போக வேண்டும். வீட்டில் மிச்சமிருக்கும் சொட்டு மருந்தை ஊற்றக் கூடாது. அதில் ஸ்டீராய்டு இருந்தால் கருவிழிப் புண் இன்னும் ஆழமாகும்.

போகி

விடியற்காலையில் தெருவெல்லாம் புகை. குறுகிய மூச்சுப்பாதை கொண்ட நாய்க்கு இது கடினமான நாள். புகை அடங்கும் வரை சன்னல்களைச் சாத்தி, நடையை மாலைக்குத் தள்ளிவைப்பது நல்லது.

மார்ச் 10

முடி குட்டையாக இருப்பதால் கொட்டாது என்று நினைப்பவர்கள் உண்டு. சந்தன நிற பக்குக்குப் பெரும்பாலும் இரட்டை அடுக்கு முடி. ஆண்டு முழுவதும் கொட்டும். வாரம் இரண்டு முறை ரப்பர் பிரஷ்ஷால் வாரினால் போதும். வெயிலுக்காக மழிப்பது தவறு. மழித்தால் தோல் வெயிலில் காயும்.

குளியல் மூன்று, நான்கு வாரத்துக்கு ஒருமுறை, நாய்க்கான ஷாம்பூவில். மனிதத் தோலின் அமிலத்தன்மைக்கு ஏற்பச் செய்த ஷாம்பூ நாயின் தோலுக்குப் பொருந்தாது. குளிப்பாட்டியதும் முக மடிப்பையும் சுருண்ட வாலின் அடியையும் துவட்ட மறக்கக் கூடாது. டைல்ஸ் தரையில் நகம் தேயாது; நடக்கும்போது டக் டக்கென்று சத்தம் கேட்டால் வெட்டும் வேளை வந்துவிட்டது. கறுப்பு நகத்துக்குள் ரத்தநாளம் தெரியாது என்பதால் நுனியைக் கொஞ்சம் கொஞ்சமாகத்தான் வெட்ட வேண்டும்.

மே 4

அக்னி நட்சத்திரம் தொடங்கும் நாள். பக் வளர்ப்பவர்கள் ஆண்டிலேயே அதிகம் அஞ்ச வேண்டிய காலம் இதுதான்.

நாய் தன் உடல் சூட்டைப் பெரும்பாலும் மூச்சிரைப்பின் வழியாகவே தணித்துக்கொள்கிறது. மூக்கிலும் நாக்கிலும் உள்ள ஈரம் ஆவியாகும்போது சூடு வெளியேறும். பக்குக்கு மூக்கே குட்டை, துவாரங்கள் ஒடுங்கியவை. மண்டையோடு குறுகியும் மென்அண்ணம் அதற்கேற்பக் குறுகாததால், அது தொண்டையை அடைக்கிறது. காற்றை இழுக்கவே பாடுபட வேண்டியிருக்கிறது. அந்தப் பாடே சூட்டைக் கூட்டுகிறது. 2022இல் லண்டன் ராயல் கால்நடைக் கல்லூரியின் ஆய்வு, குறுமூக்கு மூச்சுத்தடை நோய் வரும் வாய்ப்பு மற்ற நாய்களைவிட பக்குக்குச் சுமார் 54 மடங்கு என்று கணக்கிட்டது. குறட்டையைச் செல்லமாக ரசிக்கும் வழக்கத்தைக் கைவிட இந்த ஓர் எண்ணே போதும்.

2003இல் வந்த ஹட்ச் விளம்பரத்தில் சிறுவன் போகுமிடமெல்லாம் ஒரு பக் பின்தொடர்ந்தது. அதைப் பார்த்து இந்த நாயை வாங்கியவர்கள் ஏராளம். மே மாத நண்பகலில் அப்படி ஓடவிட்டால் உயிரே போகலாம். நடை விடியலுக்கு முன், அல்லது இருட்டிய பின். புறங்கையை ஐந்து விநாடி வைக்க முடியாத தார்ச்சாலையில் நாயின் பாதமும் படக் கூடாது. கழுத்துப் பட்டை மூச்சை இறுக்கும்; மார்பைச் சுற்றிக் கட்டும் ஹார்னஸ்தான் சரி.

நாயின் இயல்பான உடல் வெப்பம் 38.3 முதல் 39.2 டிகிரி செல்சியஸ். 40ஐத் தாண்டி, நாக்கு கருஞ்சிவப்பாகி, எச்சில் கயிறாக வடிந்து, கால்கள் தள்ளாடினால் அது வெப்பத்தாக்கு. உடனே உடம்பு முழுவதும் குழாய்த் தண்ணீரை ஊற்றி, மின்விசிறிக் காற்றுப் படும்படி வைக்க வேண்டும். ஈரத் துணியைப் போர்த்திவிடக் கூடாது. சூடு உள்ளேயே தங்கும். வெப்பம் 39.4க்கு இறங்கியதும் தண்ணீரை நிறுத்தலாம். குளிரவைத்த பிறகே வண்டியில் ஏற்ற வேண்டும். தேறியதுபோலத் தெரிந்தாலும் மருத்துவரிடம் காட்டியே ஆக வேண்டும், ஏனென்றால் சிறுநீரகப் பாதிப்பு பிறகுதான் தெரியவரும்.

ஜூலை 15

எடை பார்க்கும் நாள். வளர்ந்த பக்குக்கு 6.3 முதல் 8.1 கிலோ வரை அளவு. தராசைவிடக் கை நம்பகமானது: விலாவைத் தடவினால் எலும்புகள் தட்டுப்பட வேண்டும். கூடும் கொழுப்பு தொண்டையைச் சுற்றியும் சேர்ந்து மூச்சுப்பாதையை மேலும் நெருக்குகிறது. ஆகவே தீவனத்தை அளந்தே போட வேண்டும். நம் சமையலில் வெங்காயமும் பூண்டும் நாயின் சிவப்பணுக்களைச் சிதைக்கும். பாயசத்துத் திராட்சை சிறுநீரகத்தைக் கெடுக்கும்.

சின்னத் தாடைக்குள் 42 பற்கள் நெருக்கியடித்து முளைப்பதால் இடுக்குகளில் காறை படியும். தினமும் நாய்களுக்கான பற்பசையால் துலக்க வேண்டும்.

அக்டோபர் 20

வடகிழக்குப் பருவமழை. நடந்து வந்ததும் விரலிடுக்குகளைத் துடைக்க வேண்டும். தேங்கிய நீரில் எலிக்காய்ச்சல் கிருமி இருக்கும். அதற்கான தடுப்பூசியும் வெறிநாய்க்கடித் தடுப்பூசியும் தவணை தவறாமல் போட்டிருக்க வேண்டும். உண்ணி சுவர் விரிசலிலும் ஒளிந்திருக்கும் என்பதால் நாய்க்கு மருந்து வைத்தால் மட்டும் போதாது. கடித்திருக்கும் உண்ணியைச் சாமணத்தால் தோலோடு ஒட்டிப் பிடித்து நேராக இழுத்து எடுக்க வேண்டும். மண்ணெண்ணெய் தடவுவது கொடுமை.

மார்கழி முதல் வாரம்

பனிக்காற்றில் பக் சற்றுத் தூரம் கூடுதலாக நடக்கும் காலம். இரவில் நாய் அயர்ந்து தூங்கும்போது மார்பு ஏறி இறங்குவதை ஒரு நிமிடம் எண்ணிக் குறித்து வைக்கலாம். 30க்குள் இருப்பது இயல்பு. இரண்டு மூன்று நாள் தொடர்ந்து அதைத் தாண்டினாலோ, தூக்கத்தில் மூச்சு நின்று திடுக்கிட்டு விழித்தாலோ, அந்தக் குறிப்புகளோடு நாயை மருத்துவரிடம் அழைத்துப் போக வேண்டும். ஒடுங்கிய மூக்குத் துவாரத்தை அகலமாக்கவும் நீண்ட அண்ணத்தைக் குறைக்கவும் அறுவை சிகிச்சை இருக்கிறது. இளவயதிலேயே செய்தால் பலன் அதிகம்.