கென்டக்கியின் கஷாயம்

பார்ட்ஸ்டவுன் கண்ணில் படுவதற்கு முன்பே அதன் வாசனை வந்துவிடுகிறது. ஊறிய மக்காச்சோளமும் புளித்த மாவும் கலந்த மணம். அரைத்து வைத்த இட்லி மாவு இரவில் பொங்கி வழிந்த சமையலறையை நினைத்துக்கொண்டால் ஏறக்குறைய சரியாக இருக்கும். அமெரிக்காவின் கென்டக்கி மாநிலத்தில், லூயிவில் நகருக்குத் தெற்கே சுமார் 65 கி.மீ. தொலைவில் இருக்கும் இந்தச் சிற்றூர் தன்னை 'உலகின் பர்பன் தலைநகரம்' என்று அழைத்துக்கொள்கிறது. மிகை என்று தள்ளிவிட முடியாது. ஊரைச் சுற்றிலும் புல்வெளிகளில் பல மாடிக் கிடங்குகள், வரிசையாகச் சின்ன ஜன்னல்களுடன் சிறைச்சாலை மாதிரி நிற்கின்றன. உள்ளே பீப்பாய்கள். வெளிச் சுவர்களில் கரி அப்பியது போல் கறுப்பு. பீப்பாயிலிருந்து ஆவியாகும் சாராயத்தில் செழிக்கும் ஒரு பூஞ்சையின் கைவண்ணம் அது. ஆவியாகிப் போவதை 'தேவதைகளின் பங்கு' என்கிறார்கள். பக்கத்து வீட்டுச் சுவரும் மரமும் கறுத்துப்போகும்போது, அங்கே குடியிருப்பவர்களுக்கு தேவதைகள் மேல் அவ்வளவு பிரியம் இருப்பதில்லை.

மாநிலத்தின் ஜனத்தொகை சுமார் 45 லட்சம். முதிர்ந்துகொண்டிருக்கும் பீப்பாய்கள் ஒரு கோடிக்கும் மேல். ஆளுக்கு இரண்டு பீப்பாய்க்கும் மேல், கைக்குழந்தைகள் உட்பட.

பர்பன் அமெரிக்காவுக்கே உரிய பொருள் என்று 1964-ல் அந்நாட்டு நாடாளுமன்றம் தீர்மானம் போட்டது. குறைந்தது 51 சதவீதம் மக்காச்சோளம் இருக்க வேண்டும். உட்புறம் தீயில் கருக்கிய புது ஓக் மரத்தில்தான் ஊற வேண்டும். வெனிலா, காய்ச்சிய சர்க்கரை, லவங்கம் என்றெல்லாம் ரசிகர்கள் சொல்லும் வாசனைகளில் பெரும்பகுதி அந்தக் கருகிய மரம் கொடுப்பது. வெந்நீர் பட்டதும் அவை எழுந்து மூக்கைத் தேடி வருகின்றன. 'ஹாட் டாடி' என்ற பானத்துக்கு பர்பன் பொருந்திப்போன காரணம் இதுதான்.

நவம்பரில் அங்கே போன எனக்கு இரண்டாம் நாளே தொண்டை கட்டிக்கொண்டது. தங்கியிருந்த வீட்டு விடுதியை நடத்துகிறவர் அறுபதைத் தாண்டிய பெண்மணி. என் தும்மலை எண்ணியிருக்க வேண்டும். ஆறாவதற்கு எழுந்து போய் கெட்டிலை வைத்தார். கோப்பையில் முதலில் வெந்நீர் ஊற்றிச் சூடாக்கிக் கொட்டினார். பிறகு ஒரு பெரிய கரண்டி தேன், அரை எலுமிச்சையின் சாறு, 45 மில்லி பர்பன். கொதி அடங்கிய வெந்நீர் ஒரு டம்ளர் அளவு. பட்டைத் துண்டு ஒன்று. ஒரு வில்லை எலுமிச்சையில் நாலு லவங்கத்தைக் குத்தி மிதக்கவிட்டார். பர்பனை நீக்கிவிட்டு மிளகும் பனங்கற்கண்டும் போட்டால் திருநெல்வேலிப் பாட்டி எவரும் தன்னுடையது என்று உரிமை கொண்டாடுவார்.

"இதனால் ஜலதோஷம் போகாது," என்றார். "நீங்கள் புலம்புவது நிற்கும்."

உரிமை கொண்டாட வேறு காரணமும் உண்டு. 'டாடி' என்ற சொல்லே நம்மூர்ச் சரக்கு. பனையிலிருந்து இறக்கும் கள்ளுக்கு வட இந்தியாவில் 'தாடி' என்று பெயர். கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்து ஆங்கிலேயர் வாயில் அது திரிந்து, கப்பலேறி, ஸ்காட்லாந்தில் விஸ்கியும் வெந்நீரும் சர்க்கரையும் கலந்த பானத்தின் பெயராகிவிட்டது. நோயாளிகளுக்கு பிராந்தியைத் தாராளமாகக் கொடுத்துவந்த டாக்டர் ராபர்ட் பென்ட்லி டாட் என்பவரின் பெயரிலிருந்து வந்ததாக ஒரு கதையும் உலவுகிறது. அந்த டப்ளின்காரர் பிறந்தது 1809-ல். சொல்லோ அதற்கு முந்தைய நூற்றாண்டிலேயே புழக்கத்தில் இருந்தது. ஆக, தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கவே தடை இருக்க, கள்ளின் பெயரை வைத்துக்கொண்டு கென்டக்கியில் பாட்டிகள் கஷாயம் போடுகிறார்கள்.

கஷாயம் என்பது சும்மா பேச்சுக்குச் சொல்வதல்ல. லூயிவில்லில் 1870-ல் 'ஓல்ட் ஃபாரெஸ்டர்' விஸ்கியைத் தொடங்கிய ஜார்ஜ் கார்வின் பிரவுன் மருந்து விற்பனையாளர். அந்நாளில் விஸ்கி பீப்பாயிலிருந்து அளந்து ஊற்றப்பட்டது. வழியில் யார் என்ன கலந்தார்கள் என்று யாருக்கும் தெரியாது. மருந்தாக எழுதிக்கொடுக்கும் டாக்டர்கள் நம்ப வேண்டுமே என்றுதான் அவர் சீல் வைத்த கண்ணாடிப் புட்டியில் மட்டும் விற்றார்.

1920-ல் நாடு முழுவதும் மதுவிலக்கு வந்தபோது இந்த மருந்துப் பெயர்தான் தொழிலைக் காப்பாற்றியது. பார்ட்ஸ்டவுனில் உள்ள ஆஸ்கார் கெட்ஸ் விஸ்கி அருங்காட்சியகத்தில் நின்று பார்க்க வேண்டியது அந்தக் காலத்துச் சரக்குதான். டாக்டர் சீட்டு இருந்தால் பத்து நாளைக்கு ஒரு பைண்ட், அதாவது அரை லிட்டருக்குக் கொஞ்சம் குறைவாக, மருந்துக் கடையில் வாங்கலாம். இதற்காக ஆறு நிறுவனங்களுக்கு உரிமம் கிடைத்தது. வேடிக்கை என்னவென்றால், சாராயத்துக்கு மருத்துவ மதிப்பு எதுவும் இல்லை என்று அமெரிக்க மருத்துவர் சங்கம் 1917-லேயே தீர்மானம் போட்டிருந்தது. சீட்டு எழுதக் காசு கிடைக்கும் என்றானதும் நிறைய டாக்டர்களின் கருத்து மாறிவிட்டது. குஜராத்தின் 'ஹெல்த் பர்மிட்' பற்றித் தெரிந்தவர்களுக்கு இதில் ஆச்சரியம் இருக்காது.

1933 வரை நீடித்த இந்த ஏற்பாட்டில் நோயாளி யார், குடிகாரர் யார் என்று சீட்டைப் பார்த்துச் சொல்ல முடியாது. சில நேரம் சம்பந்தப்பட்டவருக்கே தெரியாது. விடுதி அம்மையார் எனக்குக் கோப்பையைக் கொடுத்துவிட்டுத் தனக்கும் ஒன்று கலந்துகொண்டார். அதில் பர்பன் ஊற்றவில்லை. பதினோரு வருடமாகத் தொடுவதில்லையாம். கணவர் இறந்த குளிர்காலத்தில் விடாத இருமல். ராத்திரித் தூக்கத்துக்காக ஒரு டாடி. இருமல் மார்ச்சில் நின்றது, டாடி நிற்கவில்லை. அப்புறம் தேனும் எலுமிச்சையும் கழன்றுகொண்டன என்றார், வானிலை சொல்வது போல. "மருந்து என்று நினைத்ததால் யாரிடமும் மறைக்கத் தோன்றவில்லை. அதனால் யாரும் கேட்கவும் இல்லை."

அவருடைய கோப்பையின் பக்கம்தான் விஞ்ஞானமும் இருக்கிறது. பிரிட்டனில் கார்டிஃப் பல்கலைக்கழகத்தின் ஜலதோஷ ஆய்வு மையம் 2008-ல் வெளியிட்ட ஆய்வில், சளி பிடித்தவர்களுக்குச் சூடான பழபானம் கொடுத்துப் பார்த்தார்கள். மூக்கில் காற்று போகும் அளவு கருவியில் மாறவில்லை. ஆனால் ஒழுகல், இருமல், தும்மல், தொண்டை வலி, குளிர், அசதி எல்லாமே உடனே குறைந்ததாக அவர்கள் சொன்னார்கள். அதே பானம் ஆறிய நிலையில் தொண்டை வலியையும் குளிரையும் அசதியையும் தணிக்கவில்லை. சாராயம் அதில் துளியும் கிடையாது. சூடு பாதி வேலை, தேன் மீதி வேலை.

பர்பன் தருவது கதகதப்பான உணர்வு. தோலின் ரத்தக் குழாய்கள் விரிவதால் வரும் அந்தக் கதகதப்பில் உடம்பு உண்மையில் வெப்பத்தை இழக்கிறது. தூக்கம் சீக்கிரம் வரும், நடு ராத்திரியில் கலையும். கூடவே பாரசிட்டமால் போட்டுக்கொண்டால் ஈரலுக்குச் சுமை கூடும். தூக்கம் வரவழைக்கும் சளி மாத்திரைகளோடு சேர்ந்தால் மயக்கம் அதிகமாகும். நம் வீடுகளில் குழந்தைக்குச் சளி என்றால் அரை ஸ்பூன் பிராந்தி புகட்டும் வழக்கத்துக்கு எந்த நியாயமும் கிடையாது. ஒரு வயதுக்குள் என்றால் தேனும் கூடாது.

இத்தனைக்கும் பிறகு பர்பன் மருந்துக் கடையை விட்டுப் போய்விடவில்லை. கென்டக்கி சட்டப்படி மளிகைக் கடைகளில் விஸ்கியோ ஒயினோ விற்கக் கூடாது. மருந்துக் கடைகளில் விற்கலாம். மளிகைக்காரர்கள் வழக்குப் போட்டார்கள். 2012-ல் கீழ்க் கோர்ட்டில் ஜெயித்து, 2014-ல் மேல் முறையீட்டில் தோற்றார்கள். லூயிவில்லில் இருமல் மிட்டாய் வாங்கப் போன கடையில் ஒரு பக்கம் இருமல் சிரப், இன்னொரு பக்கம் பர்பன். நான் மிட்டாயை எடுத்துக்கொண்டு வரிசையில் நின்றேன். எனக்கு முன்னால் நின்றவர் இரண்டையும் வாங்கினார்.