பதக்கத்தின் விளிம்பில் ஒரு பெயர்

பழைய பிரித்தானியப் பதக்கம் ஒன்றைக் கண்டால் எல்லோரும் முகப்பில் உள்ள அரசரின் தலையைத்தான் பார்ப்போம். ஆனால் அந்தக் காலப் பதக்கங்களின் விளிம்பைத் திருப்பிப் பாருங்கள். சிப்பாயின் பெயரும் அவருடைய படைப்பிரிவும் அங்கேதான் இருக்கும்.

1815 ஜூன் 18இல் வாட்டர்லூவில் நெப்போலியன் தோற்றான். அங்கு போரிட்ட தளபதிக்கும் சாதாரண சிப்பாய்க்கும் பிரித்தானியா ஒரே வெள்ளிப் பதக்கத்தைத்தான் கொடுத்தது. இறந்தவரின் பதக்கம் குடும்பத்துக்குப் போனது. சிப்பாய்களின் சேவைக் காலத்தில் இரண்டு வருடங்களைக் கூட்டியும் கொடுத்தார்கள்.

நல்ல விஷயம்தான். ஆனால் அதற்கு முன், 1808 முதல் 1814 வரை போர்த்துக்கலிலும் ஸ்பெயினிலும் அதே நெப்போலியனின் படைகளோடு மோதியவர்களின் நிலை என்ன? மேலதிகாரிகளுக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. சிப்பாய்க்கு ஒன்றுமில்லை. ஒரு நாள் போரில் நின்ற புதியவர் பதக்கத்தோடு திரிந்தார், பல வருடம் வெயிலிலும் பசியிலும் நடந்தவர் வெறும் நெஞ்சோடு திரிந்தார்.

ரிச்மண்ட் கோமகன் போன்றவர்கள் விடாமல் கேட்ட பிறகு, 1847இல்தான் அவர்களுக்கும் பதக்கம் அறிவிக்கப்பட்டது. போர் முடிந்து 33 வருடங்கள்! அதிலும் ஒரு நிபந்தனை: உயிரோடு இருப்பவர்தான் கேட்கலாம். ஏறத்தாழ 26,000 பேர் விண்ணப்பித்தார்கள். 1812இல் படஹோஸ் கோட்டைச் சுவரடியில் செத்தவர்களின் வீடுகளுக்கு எதுவும் போகவில்லை. அந்தப் பதக்கத்தில் விக்டோரியா மகாராணி வெலிங்டனுக்கு வெற்றி மாலை சூட்டுகிறார். அவர் பிறந்ததே 1819இல்!

விளிம்பில் உள்ள பெயரைப் பிடித்துக்கொண்டு போனால் மனிதர் கிடைப்பார். லண்டன் கியூவில் உள்ள தேசிய சுவடிக்கூடத்தில் சம்பளப் பதிவேடுகளும் சேவையிலிருந்து விலகிய பத்திரங்களும் இருக்கின்றன. பிறந்த ஊர், முன்பு செய்த தொழில், உயரம், கண்ணின் நிறம், பட்ட காயம் என்று எல்லாம் எழுதியிருப்பார்கள். பலர் கூலிவேலை செய்தவர்கள், நெசவாளர்கள்.

இப்போது நம் நாட்டுக்கு வருவோம். அந்த 1847ஆம் ஆண்டுப் பதக்கத்தின் நாடாவில், போரிட்ட இடத்தின் பெயர் பொறித்த சிறு வெள்ளித் தகடுகளைக் கோர்ப்பார்கள். மொத்தம் 29 பெயர்கள். ஜாவா உண்டு, எகிப்து உண்டு. கண்டி இல்லை. 1803இல் கண்டியில் அழிந்த பிரித்தானியக் காவற்படையில் மலே சிப்பாய்களும் இருந்தார்கள், நம் சகோதர முஸ்லிம்கள். அவர்களில் எத்தனை பேரின் பெயர் நமக்குத் தெரியும்?

நினைவு தானாக நிற்பதில்லை. யாரோ ஒருவர் எழுதி வைத்தால்தான் நிற்கும். இரண்டாம் உலகப் போரில் பிரித்தானியப் படையினருக்குக் கொடுத்த நட்சத்திரப் பதக்கங்களில் பெயர்கூடப் பொறிக்கவில்லை. ஆகவே உங்கள் வீட்டு அலுமாரியில் மூத்தவாப்பாவின் பதக்கமோ, பழைய சேவைப் பத்திரமோ, சீருடையில் எடுத்த படமோ இருந்தால், இன்றைக்கே ஒரு துண்டுக் கடதாசியில் அவருடைய பெயர், ஊர், வேலை செய்த இடம், வருடம் ஆகியவற்றை எழுதி அதோடு வையுங்கள். தெரியாததை வீட்டில் மூத்தவர்களிடம் கேளுங்கள். அவர்கள் இருக்கும்போதே கேளுங்கள்.