டார்ச் பிடித்தவள்

அப்பா அம்பாசிடரின் டேப்பட் கவரைக் கழற்றும்போதெல்லாம் ஸ்பேனர் அண்ணன் கையில், டார்ச் என் கையில். அப்பா போய் ஆறு வருடம் ஷெட்டில் கிடந்த வண்டியைப் பார்க்க வந்த மெக்கானிக், "வீட்ல ஆம்பளைங்க இல்லியாம்மா?" என்றார்.

நானே திறந்தேன். ஹேண்டில் போட்டுச் சுற்றினால் ஏழு வால்வுகள் ஏறி இறங்கின. ஒன்று இறங்கியபடியே ஒட்டியிருந்தது. டீசல் விட்டு இரவெல்லாம் ஊறவைத்து, மரச்சுத்தியலால் மெல்லத் தட்டத் தட்ட மேலே வந்தது.

எட்டாவது வால்வு முழுதாகத் திறந்திருக்கையில் ஒன்றாவதன் இடைவெளியைப் பார்க்க வேண்டும், ஏழுக்கு இரண்டு. கூட்டினால் ஒன்பது. அண்ணனுக்குச் சொன்ன கணக்கு. அவனுக்கு மறந்துவிட்டது.

எஞ்சின் பிடித்தது. "அப்பா வண்டி" என்றாள் அம்மா. ஆர்.சி.யை என் பெயருக்கு மாற்ற அண்ணனிடம் கையெழுத்து கேட்டிருக்கிறேன்.