கரண்ட் மேல் பழி

சிதம்பரத்தில் விருத்தாசலம் பஸ் ஏறினேன். புவனகிரி தாண்டி சேத்தியாத்தோப்பு, 25 கிலோமீட்டர் போல. எம்.ஆர்.கே. சர்க்கரை ஆலையில் அரவை நடக்கும் மாதம். கரும்பு டிராக்டர் ஒன்றின் வாலைப் பிடித்துக்கொண்டே பஸ் ஊர்ந்ததில் ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆகிவிட்டது. இறங்கிய இடத்திலேயே ஒரு டீ, 12 ரூபாய். உரக்கடை அங்கிருந்து ஐந்து நிமிஷ நடை.

"ராத்திரியெல்லாம் கரண்ட் ஏறி இறங்குது தம்பி. அதான் பில்லு புரோகிராம் செத்துச் செத்துப் போவுது" என்று கடைக்கார அண்ணன் போனில் சொல்லியிருந்தார். யு.பி.எஸ்.ஸுக்கு விலையும் விசாரித்து வைத்திருந்தார். 3,200 ரூபாயாம். புரோகிராமைப் போட்டுக் கொடுத்தவன் அவருடைய அக்கா மகன், கல்லூரி மூன்றாம் வருஷம். அவன் கணிப்பு வேறு: "நாலு ஜி.பி. ரேம்தான்ணா, பத்தல."

யூரியா நெடி அடிக்கும் மூலையில் ஒரு பழைய கம்ப்யூட்டர். அதில் உபுண்டு, அதற்குள் புரோகிராம்களைக் 'கன்டெய்னர்' என்னும் தனிப் பெட்டிகளில் ஓட்டும் டாக்கர். சாலமன் ஹைக்ஸ் 2013 மார்ச்சில் ஒரு பைத்தான் மாநாட்டில் ஐந்து நிமிஷம் பேசி அறிமுகப்படுத்திய சரக்கு, உரக்கடை வரைக்கும் வந்துவிட்டது.

'டாக்கர் பி.எஸ்.' அடித்தேன். 'ரீஸ்டார்ட்டிங்' என்று ஒரு வரி, பக்கத்தில் அடைப்புக்குறிக்குள் பூஜ்ஜியம். விழுந்தால் தானாக எழட்டும் என்று பையன் 'ரீஸ்டார்ட் ஆல்வேஸ்' போட்டிருக்கிறான். கைக்கடிகாரத்தை வைத்துப் பார்த்தேன், நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்து உடனே படுத்துவிடுகிறது. டாக்கரின் வழக்கம் அது. பத்தில் ஒரு விநாடியில் தொடங்கி, ஒவ்வொரு முறையும் இடைவெளியை இரட்டிப்பாக்கி, ஒரு நிமிஷத்தோடு நிறுத்திக்கொள்ளும்.

என் கண் அந்தப் பூஜ்ஜியத்தில்தான் நின்றது. ரேம் பற்றாமல் இயங்குதளம் கழுத்தைப் பிடித்து வெளியே தள்ளியிருந்தால் அங்கே 137 இருக்க வேண்டும்: 128, அதோடு கொல்லும் சிக்னலின் எண் 9. கட்டளையே கிடைக்காவிட்டால் 127. பூஜ்ஜியம் என்றால் 'சொன்ன வேலை முடிந்தது, கிளம்புகிறேன்' என்று அர்த்தம். கரண்டும் இல்லை, ரேமும் இல்லை.

அப்படி என்ன வேலை சொன்னாய் என்று பையனிடம் தொடக்க ஸ்கிரிப்டைத் திறக்கச் சொன்னேன். மூன்றே வரி. பி.எச்.பி.யைப் பின்னணியில் கிளப்பு. வெப் சர்வரான எஞ்சின்எக்ஸைப் பின்னணியில் கிளப்பு. கடைசியில், தட்டும் கட்டளைகளை வாங்கிக்கொள்ளும் 'பாஷ்'.

"முன்னாடி ஒரு கறுப்புப் பெட்டி திறந்தே கெடக்கும் தம்பி. எடஞ்சலா இருக்குதுன்னு நாந்தான் எடுக்கச் சொன்னேன்" என்றார் அண்ணன். மூணு வாரம் ஆச்சாம். போனில் இதை அவர் சொல்லவே இல்லை.

விஷயம் அங்கேதான் இருந்தது. கன்டெய்னருக்குள் முதலில் ஓடும் புரோகிராமுக்கு எண் 1. அது உள்ளவரைதான் கன்டெய்னர். அது முடிந்தால் உள்ளே யார் வேலை செய்துகொண்டிருந்தாலும் கடை மூடப்படும். இங்கே எண் 1 அந்த ஸ்கிரிப்ட். அண்ணன் சொன்ன கறுப்புப் பெட்டி, அதாவது டெர்மினல் ஜன்னல், திறந்திருந்தபோது பாஷ் யாராவது ஏதாவது தட்டுவார்கள் என்று காத்திருந்தது, ஸ்கிரிப்ட்டும் முடியாமல் இருந்தது. அதை எடுக்கப் பையன் கன்டெய்னரைப் பின்னணிக்குத் தள்ளியதும் தட்ட ஆளில்லை. பாஷ் கிளம்பிவிட்டது, கூடவே எல்லாம்.

"பின்னணியில ஓட்டுற டி-யோட 'மைனஸ் ஐ.டி.'யையும் சேர்த்துப் போட்டா நின்னுடும்லண்ணா?" பையன் கேட்டான். நிற்கும். ஆனால் நிற்பது வெறும் பாஷ். எஞ்சின்எக்ஸ் செத்தாலும் திரையில் 'அப்' என்றே இருக்கும். எனக்கு அது பிடிக்காத வைத்தியம். பாஷ் வரியை அடித்துவிட்டு, எஞ்சின்எக்ஸையே முன்னணியில் ஓடச் சொல்லும் 'டீமன் ஆஃப்' வரியை எழுத வைத்தேன்.

பையன் சுறுசுறுப்பாகி, பழையதையெல்லாம் துடைக்கும் 'புரூன்' கட்டளையில் கை வைத்தான். நிறுத்தினேன். "பழைய பில்லெல்லாம் எங்க இருக்கு?"

"கன்டெய்னரைக் கட்டுற இமேஜ்ல இருக்கும்ணா."

'டாக்கர் பி.எஸ்.', பின்னால் 'மைனஸ் ஏ'. பதினொரு செத்த கன்டெய்னர்கள் வரிசையாக வந்தன. அடியில் கிடந்தது மூன்று வாரத்துக்கு முன் நின்றுபோனது. 'டாக்கர் டிஃப்' போட்டுப் பார்த்தால், பில் கணக்கு முழுக்க ஒரே எஸ்.க்யூ.லைட் ஃபைலாக அதன் உள்ளேதான். கன்டெய்னரை அழித்தாலும் ஃபைல் தங்கும் வால்யூம் எதுவும் வெளியே கட்டவில்லை. எண்டர் தட்டியிருந்தால் இரண்டு மாத விற்பனையும் கடன் பாக்கியும் போயிருக்கும். பையன் முகம் வெளுத்தது. செத்த கன்டெய்னரிலிருந்தும் 'டாக்கர் சி.பி.' ஃபைலை எடுத்துக் கொடுக்கும். எடுத்தோம், பென் டிரைவில் ஒரு நகல் போட்டோம், புதிதாக வால்யூம் கட்டி அதில் வைத்தோம்.

இமேஜைத் திரும்பக் கட்டி ஓட்டியதும் பக்கம் வந்தது. எனக்குத் திருப்தி வரவில்லை. அண்ணனைக் கேட்டுக்கொண்டு மெயின் சுவிட்சை அணைத்துப் போட்டேன். கம்ப்யூட்டர் எழுந்ததும், யாரும் எதையும் தொடாமலே பில் பக்கமும் எழுந்தது. ஒரு குறை பாக்கி: பின்னணியில் உள்ள பி.எச்.பி. செத்தால் இப்போதும் யாருக்கும் தெரியாது. அதைத் தனிக் கன்டெய்னராகப் பிரிக்கப் பையனுக்குச் சொல்லியிருக்கிறேன்.

கிளம்பும்போது திரையில் 'அப் 41 மினிட்ஸ்'. அண்ணன் ஒரு டி.ஏ.பி. மூட்டைக்குப் பில் போட்டு, காகிதத்தைக் கிழித்துக் கொடுத்துவிட்டு என் பக்கம் திரும்பினார்.

"எதுக்கும் அந்த யு.பி.எஸ்ஸை வாங்கிடலாமா தம்பி?"